யூஸ்டன் ஸ்கொயர் வரை முப்பத்துமூன்று நிமிடம்

காலை 9.15. ஹவுன்ஸ்லோவில் ஒன்பது நாட்கள் தங்கியிருந்த விடுதியின் வரவேற்பறையில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, தோள்பையை மட்டும் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அக்டோபர் மாதம். மழை இல்லை, ஆனால் விடியுமுன் பெய்து ஓய்ந்த ஈரம் சாலையில் இருந்தது. ஹவுன்ஸ்லோ சென்ட்ரல் நிலையம் அங்கிருந்து எண்ணூறு மீட்டர். வழியில் ஒரு கடையில் தேநீர் வாங்கினேன், இரண்டு பவுண்டு நாற்பது பென்ஸ். வெந்நீரில் மிதக்கும் தேயிலைப் பை, பால், சர்க்கரை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். நான் கலந்து முடிப்பதற்குள் ஆறிவிட்டது.

லண்டனுக்கு வந்து ஒன்பது நாட்களாகியும் அந்த ஊரின் சுரங்க ரயிலில் நான் ஒருமுறைகூட ஏறவில்லை. நான் சென்னையில் லிஃப்ட்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளைச் சோதிக்கும் பொறியாளர். நிறுவனம் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. விடுதி வாசலில் கார் ஏற்றிக்கொள்ளும், பயிற்சிக்கூடத்தின் வாசலில் இறக்கிவிடும், மாலையில் அதே கார் திரும்பக் கொண்டுவந்து விடும். கடைசி நாளான சனிக்கிழமை மட்டும்தான் என்னுடையது. இரவு ஒன்பதரைக்கு விமானம்.

அந்தச் சனிக்கிழமையைத் தர்ஷிக்காக வைத்திருந்தேன். தர்ஷியும் நானும் திருச்சியில் கல்லூரி விடுதியில் நான்கு ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தவர்கள். அவளுடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவள் சிறுமியாக இருக்கும்போதே திருச்சிக்கு வந்துவிட்டார்கள். படிப்பு முடிந்ததும் இருவரும் லண்டனில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தோம், இருவருக்கும் இடம் கிடைத்தது. என் அப்பா வேண்டாம் என்றார். நான் நின்றுவிட்டேன். அவள் வந்தாள், படித்தாள், இங்கேயே திருமணம் செய்துகொண்டாள், ரெய்னர்ஸ் லேனில் வீடு வாங்கினாள். ஏழு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு தினமும் பேசினோம், பிறகு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு பிறந்தநாட்களுக்கு மட்டும்.

அவளிடம் சொல்ல ஒரு செய்தி வைத்திருந்தேன். வியாழக்கிழமை மேலாளர் என்னை அழைத்து, ஜனவரி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு லண்டன் அலுவலகத்தில் இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் பேசிவிட்டேன், அப்பா இந்த முறை மறுக்கவில்லை. தர்ஷிக்கு மட்டும் சொல்லவில்லை. இதை போனில் சொல்லக்கூடாது, அவள் சமையலறையில் நின்றுகொண்டு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இரண்டு இரவுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமையலறையை வீடியோ அழைப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன். சுவரில் பச்சை ஓடு, ஜன்னலோரம் கறிவேப்பிலைத் தொட்டி. தொட்டிக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது, அங்கேதான் அவள் போனைச் சாய்த்து வைப்பாள்.

9.33. நிலையத்தில் டிக்கெட் வாங்க வரிசை எதுவும் இல்லை. மஞ்சள் வட்டத்தில் வங்கி அட்டையைத் தட்டினால் கேட் திறக்கிறது. இறங்கும் இடத்தில் மறுபடி தட்டினால் போன தூரத்துக்குத் தகுந்த கட்டணத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. கதவு திறந்து மூட எத்தனை விநாடி என்று என்னையறியாமல் எண்ணினேன். தொழில் பழக்கம்.

சுரங்க ரயில் என்று பெயரே தவிர, இந்தப் பக்கத்தில் அது வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஓடுகிறது. இருபுறமும் வீடுகளின் பின்கட்டுகள், கொடியில் மறந்துபோய்விட்ட துணிகள், குழந்தைகள் குதித்து விளையாடும் நனைந்த ட்ராம்போலின்கள். வண்டி சென்னை மெட்ரோவைவிடச் சின்னது. கூரை வளைந்து தாழ்ந்திருக்கிறது. கதவோரம் நிற்கும் உயரமானவர்கள் தலையைச் சாய்த்துக்கொள்கிறார்கள். இருக்கைகள் இரு ஓரமும் எதிரெதிராக இருந்தும் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

என் நோட்டில் வழியைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். நீல நிறப் பாதையை ஒரு கால்சட்டை என்று வைத்துக்கொண்டால், ஒரு கால் ஹவுன்ஸ்லோ வழியாக ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் போகிறது, இன்னொரு கால் ரெய்னர்ஸ் லேன் வழியாகப் போகிறது. இரண்டும் சேரும் இடம் ஆக்டன் டவுன். நான் ஒரு காலில் ஏறி ஆக்டன் டவுனில் இறங்கி, படியேறி எதிர் நடைமேடைக்குப் போய், மற்றக் காலில் இறங்க வேண்டும். அதற்குக் கீழே, தானியங்கிப் படிக்கட்டில் வலப்பக்கம் நிற்க வேண்டும், ரயிலில் யாரிடமும் பேச்சுக் கொடுக்கக்கூடாது என்று இரண்டு குறிப்புகள். இரண்டாவதைப் பயிற்சிக்கூடத்தில் எல்லோருமே சொல்லியிருந்தார்கள்.

9.52, ஆக்டன் டவுன். எதிர் நடைமேடைக்கு இறங்கும் படியில் இருக்கும்போது தர்ஷியின் குறுஞ்செய்தி வந்தது. மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய அவளுடைய ஷிப்ட் மாறிவிட்டது. அவள் நகரத்துக்குள் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள்.

“கயல், ஒராள் சுகமில்லை எண்டு வரேல்ல. என்னைப் பன்ரண்டு மணிக்கு வரச் சொல்லியினம். 11 மணிக்கு வெளிக்கிடோணும். கெதியா வா.”

நான்கு மணி நேரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன், இப்போது அவள் பதினோரு மணிக்கே கிளம்புகிறாள். மனத்துக்குள் கணக்குப் போட்டேன். இப்போதே வண்டி வந்தால் 10.20க்கு அங்கே இருப்பேன், நடந்து வீட்டுக்குப் போக ஐந்து நிமிடம், கையில் முப்பத்தைந்து நிமிடம். அந்தக் கணக்கு முடியும்போது நடைமேடையில் ஒரு வண்டி வந்து நின்றது. ஏறினேன். உட்கார்ந்து, வந்துகொண்டே இருக்கிறேன் என்று அவளுக்கு எழுதத் தொடங்கினேன்.

சென்னையில் ஒரு நடைமேடைக்கு எந்த வண்டி வந்தாலும் அது ஒரே பக்கம்தான் போகும். பேருந்து என்றால் அப்படியில்லை. ஆனால் அங்கே நெற்றியில் ஊர்ப்பெயர் கொட்டை எழுத்தில் இருந்தாலும் படியில் கால் வைக்கும்போதே ‘இது போகுமா?’ என்று கேட்காமல் ஏற மாட்டோம். நடத்துநரைக் கேட்போம், பிறகு பக்கத்தில் உட்கார்ந்தவரையும் கேட்போம். இங்கே பேசக்கூடாது என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வாயை மூடியபடி ஏறியிருந்தேன்.

முதல் நிலையம் சவுத் ஈலிங். என் பட்டியலில் ஈலிங் காமன், நார்த் ஈலிங் என்று இருந்ததால் ஈலிங் என்ற பெயரைக் கேட்டதும் சரி என்று நினைத்துவிட்டேன். அடுத்தது நார்த்ஃபீல்ட்ஸ். அது பட்டியலில் இல்லை. நோட்டை விரித்து மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டினேன். என் பக்கத்தில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு அம்மா, கால்களுக்கு நடுவே ஒரு பெரிய பெட்டி. அவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கணவர், இன்னும் பெரிய பெட்டியுடன்.

“இஞ்சரப்பா, இந்தப் பிள்ளை ரெய்னர்ஸ் லேன் எண்டு தமிழில எழுதி வச்சிருக்குது. இது ஹீத்ரோவுக்கெல்லோ போகுது” என்றார் அந்த அம்மா, கணவரிடம்.

“நீர் சும்மா இரும். ஆற்றையோ கொப்பியை எட்டிப் பாக்கிறதே?”

“நான் எங்க எட்டிப் பாத்தனான்? எழுத்து தன்பாட்டில கண்ணில பட்டது.”

நான் அவர் பக்கம் திரும்பி, “அப்ப இது ரெய்னர்ஸ் லேன் போகாதுங்களா?” என்று கேட்டேன்.

அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. போகாது என்றார். கணவர் உடனே முன்னுக்குச் சாய்ந்து பொறுப்பெடுத்துக்கொண்டார். அடுத்த நிலையத்தில் இறங்கு, எதிர்ப் பக்கம் போ, ஆக்டன் டவுனுக்குத் திரும்பு, அங்கே நீ நின்ற அதே நடைமேடைதான், ஆனால் அங்கே இரண்டு காலுக்கும் வண்டி வரும், அக்ஸ்பிரிட்ஜ் என்றோ ரெய்னர்ஸ் லேன் என்றோ போட்டிருப்பதில் மட்டும் ஏறு என்று விரல் மடக்கிச் சொன்னார்.

“ஏறேக்க ஆரையும் ஒருக்காக் கேட்டிருக்கலாமே பிள்ளை?” என்றார் அந்த அம்மா.

இங்கே யாரும் பேச மாட்டார்கள் என்று சொன்னார்கள் என்றேன்.

“இவ முப்பது வருசமா எல்லாரையும் கேட்டுத்தான் ஏறுறவ” என்றார் கணவர். “கேட்டுப்போட்டுப் பிழையான கோச்சியில ஏறுவா.”

கோச்சி என்றால் ரயில், தர்ஷி வீட்டுப் பேச்சில் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். அவர்கள் கொழும்புக்குப் போகிறார்கள், மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று கதவு திறப்பதற்குள் சொல்லி முடித்தார். நான் இறங்கி நின்றதும் கண்ணாடிக்கு உள்ளிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கையால் மறுபடியும் காட்டினார்.

10.05. அந்த நிலையத்தின் பெயர் பாஸ்டன் மேனர். எதிர் வண்டிக்கு ஏழு நிமிடம். ஆக்டன் டவுனில் இறங்கிப் படியேறி ஓடி இறங்கியபோது அக்ஸ்பிரிட்ஜ் வண்டியின் கதவு என் முகத்துக்கு முன்னால் மூடியது. அடுத்ததற்குப் பதினாறு நிமிடம் என்று பலகை சொன்னது. பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏழு ஆண்டுகள் எப்படிப் போயின என்று தெரியாது. அந்தப் பதினாறு நிமிடமும் எப்படிப் போனது என்று ஒவ்வொரு நிமிடமாகத் தெரியும். பலகையில் எண் குறையும்போதெல்லாம் அவள் வீட்டில் நான் இருந்திருக்க வேண்டிய நேரத்தில் ஒரு நிமிடம் குறைந்தது. இந்நேரம் அவள் சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். இந்நேரம் செய்தியைச் சொல்லியிருப்பேன்.

இந்த முறை நெற்றியைப் படித்தேன். படித்த பிறகும், காதில் கருவி மாட்டியிருந்த ஒரு பெண்ணைத் தொட்டு, இது ரெய்னர்ஸ் லேன் போகுமா என்று கேட்டேன். அவள் கருவியைக் கழற்றி, போகும் என்று சொல்லிச் சிரித்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். நோட்டிலிருந்த இரண்டாவது குறிப்பை அடித்துவிட்டேன்.

ஈலிங் காமன், நார்த் ஈலிங், பார்க் ராயல், அல்பர்டன், சட்பரி டவுன், சட்பரி ஹில், சவுத் ஹாரோ. நல்ல செங்கல் நிலையங்கள். வேறொரு நாளில் ஒவ்வொன்றையும் ரசித்திருப்பேன். சவுத் ஹாரோவில் தர்ஷி அழைத்தாள். மேலே வராதே, வீட்டுக்கு வந்து திரும்ப நேரம் காணாது, எதிர்ப் பக்க நடைமேடையில் நில், நான் வருகிறேன் என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் பாத்திரம் மூடும் சத்தம் கேட்டது. அந்தச் சமையலறைக்கு அன்று நான் இவ்வளவுதான் கிட்டே போனேன்.

10.59. ரெய்னர்ஸ் லேனில் தண்டவாளம் பள்ளத்தில் ஓடுகிறது, ஊர் மேலே பாலத்தில் இருக்கிறது. கேட்டுக்கு அப்பால் கடைத்தெருவின் ஒரு துண்டு தெரிந்தது. ஒரு கடைக்கு வெளியே வாழைக்காயும் வெண்டைக்காயும் பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். அதைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் மூன்றாவது தெரு அவளுடையது என்பது வரைபடத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடம். நான் கேட்டைத் தாண்டாமல் எதிர்ப் பக்கப் படியில் இறங்கினேன்.

11.06க்கு அவள் படியில் ஓடி வந்தாள். தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. அவளுக்குப் பின்னாலேயே வண்டியும் வந்துவிட்டது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு நேரில் அவள் என்னிடம் சொன்ன முதல் சொல், “ஏறு, ஏறு.”

இது நீலப் பாதை இல்லை. மெட்ரோபாலிட்டன் என்ற கருஞ்சிவப்புப் பாதையும் இதே நடைமேடைக்கு வருகிறது. அவள் தினமும் வேலைக்குப் போவது இதில்தான். வண்டி அகலம், உயரம், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தடுப்பில்லாமல் தெரிகிறது. ஜன்னலோரம் இருவர் உட்காரும் இருக்கைகள் உண்டு. அதில் ஒன்றில் விழுந்தோம். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பி, விடுதி அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

11.10. யூஸ்டன் ஸ்கொயர் வரை முப்பத்துமூன்று நிமிடம் என்றாள். தினமும் போகிறவள், சரியாகத்தான் சொல்வாள்.

துணிப்பையிலிருந்து டப்பா வந்தது. காலை ஐந்தரைக்கு எழுந்து சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, நண்டு, சொதி எல்லாம் வைத்திருக்கிறாள். அவற்றையெல்லாம் ரயிலுக்குக் கொண்டுவர முடியாது; ரோல்ஸ் மட்டும் வந்தது. ஆட்டிறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்தது. இன்னும் சூடு இருந்தது. நான் மணப்பாறை முறுக்குப் பொட்டலத்தை எடுத்தேன். அவளுடைய மகள் ஆதிரைக்கு ஒரு பாவாடை சட்டையும் இருந்தது. ஆதிரைக்கு நான்கு வயது. சனிக்கிழமை காலையில் நீச்சல் வகுப்பு, அப்பாவோடு போயிருக்கிறாள், பன்னிரண்டு மணிக்குத்தான் வருவாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பாவாடையின் உயரம் போதுமா என்று தர்ஷி தன் இடுப்பில் வைத்து அளந்து காட்டினாள். எதிரில் உட்கார்ந்திருந்த முதியவர் செய்தித்தாளை ஒரு அங்குலம் தாழ்த்தி, ரோல்ஸைப் பார்த்துவிட்டு உயர்த்திக்கொண்டார்.

கல்லூரியில் அவள் எங்களைப் போலத்தான் பேசுவாள். வீட்டுக்கு போன் செய்யும்போது மட்டும் ‘ஆமாம்’ போய் ‘ஓம்’ வரும், அதை வைத்துக் கேலி செய்வோம். இங்கே வந்து அந்த ஓம் முழுதாகத் திரும்பியிருந்தது. அதைக் கேட்கக் கேட்க, நான் இல்லாமல் அவள் வாழ்ந்த ஏழு ஆண்டுகளும் அந்தப் பேச்சில் இருப்பது போல் பட்டது.

ஹாரோ-ஆன்-த-ஹில் நிலையத்தில் கதவுகள் மூடின. செய்தியைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று தண்ணீர் குடித்தேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டே பேசினாள்.

“கயல், உனக்கு ஒண்டு சொல்லோணும். போனில சொல்ல விருப்பமில்லை, அதுதான் வச்சிருந்தனான்.”

“சொல்லு.”

“நாங்கள் கனடாவுக்குப் போறம். மார்ச் கடைசியில.”

நான் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டேன். அதிர்ச்சியானால் எனக்குக் கேள்விகள்தான் வரும். விசா வந்துவிட்டதா? வந்துவிட்டது. வேலை? அங்கே போய்த் தேட வேண்டும். வீடு? விற்கக் கொடுத்திருக்கிறார்கள். ஏன்? ப்ரெஸ்டன் ரோடு வந்து போயிற்று.

“அவருக்கு அண்ணை குடும்பம் அங்க இருக்கு. சனி ஞாயிறு போய் வர ஒரு வீடு இருக்கும். இஞ்ச எனக்கெண்டு ஒருத்தரும் இல்லை, கயல். வேலை, வீடு, இந்தக் கோச்சி. ஒருத்தியாவது இருந்திருந்தா நான் ஓம் எண்டிருக்க மாட்டன்.”

வெம்ப்ளி பார்க்கைத் தாண்டியதும் வண்டி வேகமெடுக்கிறது. பக்கத்துப் பாதையில் நிலையங்கள் வருகின்றன, இந்த வண்டி எதிலும் நிற்பதில்லை. நடைமேடைகளில் நிற்பவர்கள் நிறங்களாக மட்டும் தெரிந்து போகிறார்கள். என்னிடம் கோபமா என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மைதான். மறுபடியும் அவள் ஓரிடத்துக்குப் போகிறாள், நான் அவள் விட்டுப்போகும் இடத்துக்கு வருகிறேன் என்று நினைத்தேன். இப்போது செய்தியைச் சொன்னால் விசா வாங்கிய, வீட்டை விற்கக் கொடுத்த ஒருத்தியின் தலையில் அதைப் போடுவதாகும். சொல்லவில்லை. பிறகு ஃபின்ச்லி ரோடு வந்தது. அதற்கப்பால் வெளிச்சம் போய்ச் சுவர் வந்தது. காலையிலிருந்து இரண்டு மணி நேரமாகச் சுரங்க ரயிலில் சுற்றியவள் அப்போதுதான் முதன்முதலாகத் தரைக்கடியில் போனேன். சத்தத்தில் பேச முடியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் எங்கள் இருவர் முகமும் அடுத்தடுத்துத் தெரிந்தன. அவள் கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

11.43, யூஸ்டன் ஸ்கொயர். அவள் சொன்ன நிமிடம் தவறவில்லை. பரிசோதனைக்கூட வாசல் வரை கூட நடக்கிறேன் என்றேன், பன்னிரண்டு நிமிட நடை என்றாள். படியேறிக் கேட்டுக்கு வந்தோம். நான் முன்னால், அவள் பின்னால். அட்டை பையின் எந்த அறையில் இருக்கிறது என்று நான் துழாவிக்கொண்டிருக்கும்போது என் தோளுக்கு மேல் ஒரு கை நீண்டு வட்டத்தில் தட்டியது. கேட் திறந்தது. நான் போய்விட்டேன். கேட் மூடிக்கொண்டது.

திருச்சியில் பேருந்தில் ஏறினால் நான் உள்ளே போய் இடம் பிடிப்பேன், அவள் படியிலேயே நின்று ‘ரெண்டு’ என்று டிக்கெட் எடுத்துவிடுவாள். நான்கு ஆண்டுகளும் அப்படித்தான். அவள் பின்னாலிருந்து கை நீட்டியதும், கேட்காமல் நான் நடந்ததும் அதுவேதான். ஆனால் இந்த ஊர்க் கேட்டுக்கு ஒரு அட்டை என்றால் ஒரு ஆள். அவள் மறுபடி தட்டினாள். சிவப்பு விளக்கு. இந்த அட்டைக்காரி வெளியே போயாயிற்று என்று அது நம்புகிறது. நான் தட்டாமல் வெளியே நிற்கிறேன், அவள் தட்டிவிட்டு உள்ளே நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அடுத்த கேட்டுக்கு விலகிப் போனார்கள். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

சீருடை அணிந்த ஊழியர் ஒருவர், அகலக் கேட்டில் தள்ளுவண்டியும் இரண்டு குழந்தைகளுமாக நின்ற ஒரு குடும்பத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, ஒரு நிமிடம் என்று விரல் காட்டினார். மணி 11.46. சிரிப்பு நின்றதும், இடுப்பளவு கேட்டின் இரு பக்கமும் நாங்கள் நின்றோம். இதற்குமேல் சொல்லாமலிருக்க என்னால் முடியவில்லை.

“தர்ஷி, ஜனவரிலேர்ந்து என்னை இங்க போடறாங்க. ரெண்டு வருஷம். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.”

அவள் முகம் மாறவில்லை. கேட்டின் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இதை ஏன் ஹாரோவில சொல்லேல்ல?”

“நீ முதல்ல சொல்லிட்ட.”

தள்ளுவண்டி கேட்டில் மாட்டிக்கொண்டது. குழந்தைகளில் ஒன்று அழுதது. தர்ஷி விரல்களைப் பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ எண்ணினாள். எனக்கு நினைவு தெரிந்து எண்ணுகிறவள் நான், கூட்டுகிறவள் நான். அவள் எதையும் எண்ணி நான் பார்த்ததில்லை.

“ஜனவரி முதல் கிழமை வந்தியெண்டா மார்ச் முடியப் பன்ரண்டு சனி” என்றாள். “அதில ஆறு எனக்கு ஷிப்ட்.”

“அப்ப ஆறு.”

“ஓம். ஆறு.” பிறகு, “எனக்காக வாறதெண்டா வராதை. பிறகு ரெண்டு வருசம் நீ தனிய இருக்கோணும். அது எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்” என்றாள்.

அதற்குள் ஊழியர் வந்துவிட்டார். உயரமான பெண், நிதானமானவர். ஒரு அட்டையில் இரண்டு பேர் போனீர்களா என்று கேட்டார். தர்ஷி ஆமாம் என்றாள். என்னைப் பார்த்து, லண்டனில் முதல் தடவையா என்றார், ஆமாம் என்றேன். பிறகு தர்ஷியைப் பார்த்து உங்களுக்குமா என்றார். ஏழு வருடம் என்றாள் தர்ஷி. அந்தப் பெண் புருவத்தை உயர்த்தி, என் அட்டையைத் தட்ட வைத்து, அகலக் கேட்டைத் திறந்து தர்ஷியை வெளியே விட்டார். மணி 11.50. வாசல் வரை நடக்க இனி நேரமில்லை, அவள் ஓட வேண்டும். என்னை இழுத்து ஒருமுறை கட்டிக்கொண்டாள். “வந்தா அந்த ஆறும் வீட்டில. கோச்சி வேண்டாம்” என்று காதருகில் சொல்லிவிட்டு, பச்சை விளக்குக்குக் காத்திராமல் சாலையைக் கடந்தாள். எதிர்ப்பக்கம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். துணிப்பையும் முறுக்கும் அவள் கையில் இருந்தன. பாவாடை சட்டை என் பையிலேயே தங்கிவிட்டது. அதைக் கவனித்தபோது அவள் இல்லை.

12.20. கிங்ஸ் கிராஸ். இங்கேதான் உண்மையான சுரங்கம். தானியங்கிப் படிக்கட்டு இறங்கிக்கொண்டே இருக்கிறது; முடிந்தது என்று நினைத்தால் இன்னொன்று தொடங்குகிறது. வலப்பக்கம் நின்றேன். கீழே போகப் போக வெந்த காற்று முகத்தில் வந்தது. இரும்பும் தூசியும் கலந்த மணம். வண்டி வருவதற்கு முன்பே காற்று வந்துவிடுகிறது, பிறகு சத்தம், பிறகுதான் வெளிச்சம். ஹீத்ரோ என்று நெற்றியில் படித்தேன். பக்கத்தில் நின்றவரையும் கேட்டுக்கொண்டேன்.

பத்து நிலையங்களுக்கு மேல் மண்ணுக்கடியில் போகும் பயணம் அது. நிலையத்துக்கு நிலையம் சுவர் ஓட்டின் நிறம் மாறுகிறது, ஏறி இறங்கும் மனிதர்கள் மாறுகிறார்கள், பேச்சு மட்டும் இல்லை. தர்ஷி ஏழு ஆண்டுகள் இப்படி உட்கார்ந்து போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. இந்த ஊரைப் பற்றி நான் ஏழு ஆண்டுகள் ஏங்கியபோது, என் ஏக்கத்தில் அவள் தனியாக இருந்ததே இல்லை. அவளுக்குப் பக்கத்து இருக்கையில் எப்போதும் நான் இருந்தேன். அவளுடைய ரயிலில் அந்த இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

மாலை 7.10. விடுதியில் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, விமான நிலையத்தில் சோதனைகளெல்லாம் முடிந்து உட்கார்ந்தேன். ஒன்பது நாட்களின் செலவு ரசீதுகளை அடுக்கினேன், தண்ணீர்ப் புட்டியை நிரப்பினேன், பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

சென்னையில் என் சனிக்கிழமைகளை நான் எண்ணியதில்லை. காலையில் அம்மாவுடன் மார்க்கெட், மதியம் தூக்கம், மாலையில் அலுவலகத் தோழிகள் யாராவது. இந்த வாரம் விட்டால் அடுத்த வாரம் என்ற நினைப்பில் எத்தனையோ போயிருக்கின்றன. எந்தச் சனிக்கிழமையில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றுகூடச் சொல்ல முடியாது. லண்டனில் எனக்கு இருப்பவை ஆறு. அதற்குப் பிறகு வருபவை நூற்றுக்குச் சற்றுக் குறைவானவை, தனியே கழிக்க வேண்டியவை. அவள் எச்சரித்தது அவற்றைத்தான். இரண்டையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

இருந்தும் திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. மேலாளருக்கு இரண்டு வரி எழுதினேன்: ஜனவரி முதல் வாரம் வருகிறேன், முடிந்தால் டிசம்பரிலேயே வரவும் எனக்குச் சம்மதம். அனுப்பிய பிறகு ஒரு நாட்காட்டியைத் திறந்து, டிசம்பரில் எத்தனை சனிக்கிழமைகள் என்று பார்த்தேன்.